திரையில் வராதவர்கள்

சர்வர்1 என்று ஒரு பெயர். ஒரு பக்கம் அதன் விலாசம் 192.168.1.20. மறுபக்கம் அதே பெயருக்கு 10.10.1.20. எதை வைத்துக்கொள்ளட்டும் என்று திரை கேட்கிறது. நான் பேசாமல் இருந்தால் தானே ஒன்றைத் தேர்ந்துகொள்ளவும் தயார்; ஒரு பக்கத்துப் பொட்டு ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது. சனிக்கிழமை இரவு பதினொன்றே முக்கால் மணி, கிண்டியில் ஒரு நான்காம் மாடி. விடிகாலை நான்கு வரை அவகாசம். இப்படிப்பட்ட வரிகள் மொத்தம் 43.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஃபயர்வால் என்பது அலுவலகத்து வலைக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் பெட்டி. (தீச்சுவர் என்ற சொல் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, சர்வர் ரூமில் ஒருவர் வாயிலும் கேட்டதில்லை.) யார் யாரிடம் எந்த வழியாகப் பேசலாம் என்றொரு பட்டியலை அது மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் எந்த வரி பொருந்துகிறதோ அதன்படி விடும், அல்லது தடுக்கும். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. 1990-களின் தொடக்கத்தில் இது கடைச்சரக்கானது: 1991-ல் அமெரிக்காவின் டெக் நிறுவனம் விற்ற ‘சீல்’, 1994-ல் இஸ்ரேலின் செக் பாயிண்ட் கொண்டுவந்த ‘ஃபயர்வால்-1’. அந்தக் காலத்தில் நிறுவனத்துக்கு ஒரு வாசல், வாசலுக்கு ஒரு காவல். இன்றைக்குக் கிளைக்கொரு வாசல். நான் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்குப் பதினொரு கிளைகள், பதினொரு ஃபோர்ட்டிகேட் பெட்டிகள், பதினொரு பட்டியல்கள். ஒவ்வொன்றையும் வேறுவேறு ஆள், வேறுவேறு வருஷத்தில், வேறுவேறு அவசரத்தில் எழுதியிருக்கிறார். இவை எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து ஆள ஃபோர்ட்டிமேனேஜர் என்றொரு மையக் கருவி வாங்கினார்கள். கிளைகளை ஒவ்வொன்றாக அதற்குள் கொண்டுவருவது என் வேலை. அன்றிரவு பத்தாவது கிளையான தூத்துக்குடி குடோன்.

சேர்ப்பது சுலபம். பெட்டியின் விலாசம், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றும் கொடுத்தால் போதும். 541-ஆம் போர்ட் என்ற எண்ணிட்ட வழியில் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். பெட்டியின் பாலிசிகளையும், அதாவது அந்தப் பட்டியலின் வரிகளையும், அவற்றில் வரும் பெயர்களையும் மையத்தின் பொதுக் குவியலுக்குள் இறக்கும்போதுதான் சிக்கல் வரும். குவியலில் ஒரு பெயருக்கு ஒரு பொருள்தான் இருக்க முடியும். தூத்துக்குடியிலிருந்து ஒரு சர்வர்1 வருகிறது. குவியலில் ஏற்கெனவே ஒரு சர்வர்1 உட்கார்ந்திருக்கிறது. எங்கள் ஊரில் கடைக்கார முருகனும் மேலத்தெரு முருகனும் உண்டு. இருவரில் யார் நிஜ முருகன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. இந்தத் திரை கேட்கிறது.

மோதல் வருவதில் ஆச்சரியம் ஏதுமில்லை. 1996-ல் இணையப் பொறியாளர்கள் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 1918 என்ற ஆவணம், மூன்று விலாசத் தொகுதிகளை யார் வேண்டுமானாலும் தங்கள் நான்கு சுவருக்குள் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. அதில் 10 என்று தொடங்கும் தொகுதியில் மட்டும் 1,67,77,216 விலாசங்கள். 192.168 என்று தொடங்குவதில் 65,536. இத்தனை இருந்தும் நம்மூரில் எந்த அலுவலகத்தில் நுழைந்து பார்த்தாலும் 192.168.1 தான், இல்லாவிட்டால் 192.168.0. பெட்டியோடு அப்படித்தான் வந்தது, யாரும் மாற்றவில்லை. பெயரும் அப்படியே. சர்வர் ஒன்று இருந்தால் சர்வர்1. இரண்டாவது வரும் என்ற நம்பிக்கையில் வைத்த எண் அது. பல கிளைகளில் இரண்டாவது வரவேயில்லை.

அந்த நிறைந்த பொட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. கருவி சும்மா இருந்தால் தேர்ந்துகொள்வது புதிதாக வரும் பெட்டியின் மதிப்பைத்தான். முதல் பார்வைக்கு அது மரியாதையான ஏற்பாடு: வருகிற விருந்தாளி உடுத்தி வந்த துணியோடு உள்ளே வரட்டும், அவர் வேலை தடைபட வேண்டாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஈரோட்டுக் கிளையைச் சேர்த்த இரவில் வரிசையாக ‘அடுத்து’ என்று அழுத்திக்கொண்டே போனேன். பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. ஒரு மணிக்கு வீட்டில் படுத்துவிட்டேன்.

அந்தக் குவியலில் ‘டிசிபி-8080’ என்றொரு உருப்படி இருந்தது. பெயரே அதன் வேலையைச் சொல்கிறது: 8080-ஆம் போர்ட். ஈரோட்டுப் பெட்டியிலும் அதே பெயர் இருந்தது, ஆனால் உள்ளே 8090. பில்லிங் மென்பொருள்காரர் ஒருநாள் போர்ட்டை மாற்றியிருக்கிறார்; அங்கிருந்தவர் புது உருப்படி செய்யாமல் பழையதையே திறந்து எண்ணை மட்டும் திருத்தியிருக்கிறார். பெயர் ஒன்று சொல்ல, உள்ளே வேறொன்று. ஈரோட்டில் அதனால் ஒரு குறையும் இல்லை, நன்றாகவே ஓடியது. நான் ‘அடுத்து’ அழுத்தியதும் மையத்துக் குவியலில் 8080 மறைந்து 8090 ஆனது. அப்போதும் எங்கும் ஒன்றும் உடையவில்லை. கோயம்புத்தூர்க் கிளையின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ‘மாற்றப்பட்டது’ என்று சின்னதாக ஒரு மஞ்சள் அடையாளம் முளைத்தது. கோயம்புத்தூரை யாரும் தொடவில்லையே, என்ன மாற்றம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

எட்டு நாள் கழித்து, கோயம்புத்தூரில் ஒரு சிசிடிவி கேமராவுக்கு வழிவிட ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. சேர்த்து இன்ஸ்டால் செய்தேன், அதாவது மையத்தில் இருப்பதைப் பெட்டிக்கு அனுப்பினேன். அந்த ஒரு வரியோடு, எட்டு நாளாகக் காத்திருந்த 8090-உம் போய் இறங்கியது. இன்ஸ்டாலுக்கு முன்னால் என்னென்ன கட்டளைகள் போகப்போகின்றன என்று கருவி முன்னோட்டம் காட்டும். காட்டியது. நான் என் கேமரா வரியைத் தேடிப் பார்த்துத் திருப்தியடைந்து மூடிவிட்டேன். திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்குக் கோயம்புத்தூரில் பில் போடவில்லை. கேமராவுக்கும் பில்லுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் கேட்டபோது எனக்கும் தெரியவில்லை. கண்டுபிடிக்க மதியமாகிவிட்டது.

அந்த மதியத்திலிருந்து அந்தத் திரையை வேறு மாதிரிப் பார்க்கிறேன். அதில் இரண்டு பேர்தான் தெரிகிறார்கள்: வருகிற பெட்டி, இருக்கிற மையம். நான் யார் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் பாதிக்கப்படப்போகிறவர் மூன்றாவது ஆள். அவர் பெயர் திரையில் எங்கும் இல்லை. பெட்டியின் மதிப்பை எடுத்தால் அடி கோயம்புத்தூருக்கு, எட்டு நாள் கழித்து. மையத்தின் மதிப்பை எடுத்தால் அடி ஈரோட்டுக்கு, அடுத்த இன்ஸ்டாலில். அழுத்துகிற விரலுக்கும் வலிக்கிற இடத்துக்கும் நடுவே ஊரும் நாளும் இருப்பதால், யாருக்கும் உடனே சந்தேகம் வராது. ‘கான்ஃபிளிக்ட் ரிசால்வ்டு’ என்று கருவி பச்சை டிக் போட்டுவிடும்.

தூத்துக்குடியின் 43-ஐ அதனால் ஒவ்வொன்றாகப் படித்தேன். பாதிக்கு மேல் வெற்றுச் சண்டை. பெட்டியோடு பிறந்த ‘டீஃபால்ட்’ உருப்படிகள், மென்பொருள் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் வேறுபடுவதால் வரும் வரிகள். யாரோ ஒருவர் ஓர் உருப்படிக்குச் சிவப்பு நிறம் கொடுத்திருக்கிறார், மையத்தில் அது நிறமில்லாமல் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இவற்றுக்கு மையத்தின் மதிப்பே போதும். ஆனால் எண்ணிக்கையில் இவை பெரிதாக இருப்பதால்தான் ஆபத்து. இருபது வரி ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று தள்ளிப் பழகிய கண், இருபத்தொன்றாவது வரியையும் தள்ளிவிடும்.

இருபத்தொன்றாவதோ இருபத்திரண்டாவதோ, ‘ஆபீஸ்-டைம்’ என்ற கால அட்டவணை வந்தது. மையத்தில் அது காலை 9 முதல் மாலை 6 வரை. தூத்துக்குடியில் இரவு பகல் இருபத்துநான்கு மணி நேரமும். முதலில் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். கட்டுப்பாடு வேண்டாம் என்று யாரோ திறந்துபோட்டிருக்கிறார்கள். பிறகுதான் உறைத்தது, அது துறைமுகத்துக்கு வண்டி போகிற குடோன். கப்பல் எந்நேரம் வருகிறதோ அந்நேரம்தான் அங்கே ஆபீஸ் டைம். சென்னையில் எழுதியவருக்கு ஒன்பது மணி எப்படி உண்மையோ, அங்கே எழுதியவருக்கு இருபத்துநான்கு மணியும் அப்படி உண்மை.

கருவி கண்டுபிடிக்காத மோதல்களும் உண்டு, அவைதான் எனக்கு அதிகத் தொல்லை. ஒரே பெயருக்கு இரண்டு பொருள் இருந்தால் அது கத்தும். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருந்தால் வாயே திறக்காது. தலைமை அலுவலகத்து டேட்டாபேஸ் ஒரு கிளையில் ‘ஹெச்ஓ-டிபி’, இன்னொன்றில் ‘ஹெட்ஆபீஸ்-டேட்டாபேஸ்’, மூன்றாவதில் ‘சென்னை’. அவ்வளவுதான், வெறும் சென்னை. குவியலில் மூன்றும் சமாதானமாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். என்றைக்காவது அந்த டேட்டாபேஸ் விலாசம் மாறும்போது ஒன்றைத் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துபோவோம்.

சர்வர்1-க்குத் திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டரை. மையத்தின் சர்வர்1 சென்னையில் பில்லிங் டேட்டாபேஸ் என்பது தெரியும். தூத்துக்குடியினுடையது எது? அந்த விலாசத்துக்கு வெளியிலிருந்து வழி திறந்திருந்தது. கமென்ட் கட்டம் காலி. குடோனில் சிஸ்டம், ஜெனரேட்டர், பஞ்ச் மெஷின் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஒருவர் உண்டு. வயதில் மூத்தவர், அங்கே எல்லோருக்கும் அண்ணாச்சி, எனக்கும் அப்படித்தான். தயங்கித் தயங்கி அழைத்தேன்.

“அண்ணாச்சி, தூங்கிட்டீங்களா?”

“இல்ல தம்பி, மேட்ச் பாத்துட்டுக் கெடக்கேன். சொல்லுங்க.”

“அங்க சர்வர்1னு ஒண்ணு இருக்கே, 20-ல முடியுது. அது எந்த சர்வர்?”

“சர்வரா? நம்மகிட்ட ஏது தம்பி சர்வரு?” கொஞ்ச நேரம் கிரிக்கெட் வர்ணனை மட்டும் கேட்டது. “ஏ, அது எடமேட கம்ப்யூட்டர்லா! லாரி எட போட்டா அதுலேர்ந்துதான் மெட்ராசுக்குச் சீட்டு போவும். சர்வர்னு பேர் போட்டாத்தான் நெட்டு வேகமா குடுக்கும்னு மொத வந்த பையன் சொன்னான். அப்படியே வச்சிட்டோம்.”

“சரி. வான்1-ல ஒண்ணும் சொருகலையா? எல்லாம் வான்2-லேர்ந்து வருதே.”

“போன ஐப்பசியில இடி விழுந்துச்சுலா. வான்1 அன்னைக்கே செத்துப்போச்சு. போன்ல ஒருத்தர் சொல்லச் சொல்ல நாந்தான் மாத்திச் சொருகுனேன். ஒங்க ஆபீஸ்ல எழுதி வைக்கலையாக்கும்?”

எழுதி வைக்கவில்லை. (வான் என்று, இணையக் கம்பி சொருகும் அந்தப் போர்ட்டைத் தமிழில் எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். வானிலிருந்து வந்து வானையே அடித்துவிட்டுப் போயிருக்கிறது.) மையத்தில் எல்லாக் கிளைகளுக்கும் இணையம் வருவது வான்1 வழியாகத்தான் என்று ஒரே பொருத்தமாக எழுதி வைத்திருந்தேன். பார்க்காமல் இன்ஸ்டால் செய்திருந்தால், செத்த போர்ட்டுக்கு அத்தனை பாலிசிகளையும் அனுப்பிவைத்திருப்பேன்.

“அந்த எடமேடய மட்டும் அழிச்சிராதீய தம்பி,” என்றார் போனை வைக்கும்முன். “லாரி கேட்டுக்கு வெளிய நின்னுச்சுன்னா ரோடு அடைஞ்சிரும். அப்பொறம் போலீஸ்காரன் எனக்குத்தான் போன் போடுவான்.”

மூன்றாவது ஆள் என்றேனே, அவருக்கும் பின்னால் லாரிகளும் ஒரு சாலையும் அதில் நிற்கிற போலீஸ்காரரும் இருந்தார்கள்.

இரண்டில் ஒன்று என்று திரை கேட்டாலும், கருவிக்குள் மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. பெர்-டிவைஸ் மேப்பிங் என்பார்கள். பெயர் ஒன்றுதான், பொதுவாக அதற்கு ஒரு மதிப்பு, ஆனால் இந்தக் குறிப்பிட்ட பெட்டிக்குப் போகும்போது மட்டும் வேறு மதிப்பு. இணையம் எந்தப் போர்ட்டில் வருகிறது என்பதற்கு அது கச்சிதமாகப் பொருந்தும். எல்லாக் கிளைக்கும் வான்1. தூத்துக்குடிக்கு மட்டும் வான்2. பாலிசியில் ஒரே பெயர்தான் இருக்கும், அந்தந்த ஊருக்குப் போனதும் அந்தந்த ஊர்ப் பொருள் கொள்ளும்.

இது நெட்வொர்க்காரர்கள் கண்டுபிடித்த தந்திரமில்லை. இந்திய அரசியலமைப்பின் 254-ஆம் பிரிவைப் படித்தால் ஏறக்குறைய இதே கருவியின் கையேடு போலிருக்கும். பொதுப்பட்டியலில் உள்ள ஒரு விஷயத்தில் மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் முரண்பட்டால் மத்தியச் சட்டமே செல்லும்; இது முதல் உட்பிரிவு. மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தால் அந்த மாநிலத்துக்குள் மட்டும் மாநிலச் சட்டம் செல்லும், இது இரண்டாவது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நாடு முழுதுக்கும் ஒன்றுதான். 2014-ல் உச்ச நீதிமன்றம் அதை வைத்துத்தான் ஜல்லிக்கட்டைத் தடுத்தது. 2017 ஜனவரியில் மெரினா நிறைந்தது, சட்டமன்றம் தமிழ்நாட்டுக்கான திருத்தம் இயற்றியது, ஒப்புதல் வந்தது, 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைச் செல்லும் என்றது. சட்டத்தின் பெயர் மாறவில்லை. இந்த எல்லைக்குள் மட்டும் அதற்கு வேறொரு மதிப்பு. பிரிவின் கடைசியில் ஒரு வாசகமும் உண்டு: நாடாளுமன்றம் நினைத்தால் அதே விஷயத்தில் பிறகு இன்னொரு சட்டம் இயற்றி இதை மேலெழுதலாம். அடுத்த இன்ஸ்டால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று எங்கள் மொழியில் சொல்வோம்.

போட்டி நிறுவனமான பாலோ ஆல்டோவின் பனோரமா என்ற மையக் கருவியில் இந்த அதிகாரப் பங்கீடு இன்னும் வெளிப்படையாகவே இருக்கிறது. அங்கே மையத்தின் விதிகள் இரண்டு கூறு: முன்விதிகள், பின்விதிகள். கிளையில் எழுதிய விதிகள் இரண்டுக்கும் நடுவே. முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் மையத்துக்கு, நடுவில் கிளை எதை வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். மேல்மட்டத்திலும் கீழ்மட்டத்திலும் ஒரே பெயரில் உருப்படி இருந்தால் சாதாரணமாகக் கீழ்மட்டத்தின் மதிப்புதான் செல்லும். ஒரே ஒரு கட்டத்தில் டிக் போட்டால் தலைகீழாகி மேல்மட்டம் செல்லும். பெரிய பெரிய மாநாடுகள் கூட்டி விவாதிக்க வேண்டிய சங்கதியை அமைப்புப் பக்கத்தில் ஒரு டிக் அளவுக்குச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். அதை யார் போட்டது, எப்போது போட்டது என்று பல நிறுவனங்களில் யாருக்கும் நினைவிருக்காது.

ஆனால் மேப்பிங்கைக் கண்டதும் எல்லாவற்றுக்கும் அதையே போடக் கை துறுதுறுக்கும். நானும் போட்டிருக்கிறேன். போட முடிந்த இடத்திலெல்லாம் மேப்பிங் போட்டால் யாரும் காயப்பட மாட்டார்கள், உண்மைதான். கூடவே மையம் என்று ஒன்று இருப்பதற்கான காரணமும் போய்விடும். பதினொரு பெட்டியின் குழப்பம் ஒரே பெட்டிக்குள் அடுக்கிவைக்கப்பட்டிருக்கும், அவ்வளவே. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் அவிஷாய் வூல் 2004-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 37 நிறுவன ஃபயர்வால்களின் பட்டியல்களைத் திறந்து பார்த்தார். பெரும்பாலானவை மோசமாக எழுதப்பட்டிருந்தன. பட்டியல் எவ்வளவு சிக்கலோ அவ்வளவு பிழைகள். அதே ஆண்டு எஹாப் அல்-ஷாயர், ஹாஸெம் ஹமீத் இருவரும் பல ஃபயர்வால்கள் ஒன்றுசேர்ந்து இயங்கும்போது வரும் முரண்களை வகைபிரித்தார்கள். மேலே உள்ள விதி கீழே உள்ளதை முழுதாக மூடிவிடுவதற்கு அவர்கள் வைத்த பெயர் நிழலடித்தல். நிழலில் இருக்கும் விதி பட்டியலில் இருக்கும், படித்தால் தெரியும், ஒருநாளும் வேலை செய்யாது. எல்லோருக்கும் இடம்கொடுத்து வளரும் பட்டியல்களில் இப்படி நிழல்கள் பெருகிக்கொண்டே போகும்.

எடைமேடைக்கு நான் மேப்பிங் போடவில்லை. பில்லிங் டேட்டாபேஸும் எடைமேடைக் கணினியும் ஒரே பொருளின் இரண்டு ஊர் வடிவங்கள் அல்ல. தற்செயலாக ஒரே பெயர் மாட்டிக்கொண்ட இரண்டு தனி ஆட்கள். அங்கே செய்ய வேண்டியது பெயர்மாற்றம். தூத்துக்குடிப் பெட்டிக்குள் போய் ‘டியூடி-எடைமேடை’ என்று பெயரை மாற்றிவிட்டு, கமென்ட்டில் அண்ணாச்சி சொன்னதைச் சுருக்கி எழுதினேன். 255 எழுத்துகள்தான் கொள்ளும். போலீஸ்காரருக்கு அதில் இடமில்லை. பிறகு இறக்குமதியைத் திரும்பத் தொடங்கினேன். 43 என்பது 42 ஆனது. இரவில் ஒரு மணிக்கு அந்த ஒன்று குறைந்ததில் வந்த சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் விளக்க முடியாது.

மையப்படுத்துவதற்கு இன்னொரு விலையும் உண்டு. 2024 அக்டோபரில் வெளியான சிவிஇ-2024-47575 என்ற பாதுகாப்புக் குறைபாடு அதைக் காட்டியது. பெட்டியும் மேனேஜரும் கைகோக்கும் அதே பகுதியில், வருகிறவர் யார் என்று சரிபார்க்காமல் விடும் ஓட்டை; அபாய அளவு பத்துக்கு 9.8. அறிவிப்பு வருவதற்குச் சில மாதம் முன்பிருந்தே அதன் வழியாக நுழைந்தவர்கள், மேனேஜருக்குள் சேர்த்துவைத்திருந்த பெட்டிகளின் அமைப்புக் கோப்புகளை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். கிளை கிளையாகத் தட்ட வேண்டிய கதவுகளை நாங்களே ஒரே இடத்தில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் மீதும் விளக்கக் குறிப்பும் ஒட்டிவைத்திருந்தோம். அந்த வாரம் அவசரமாக எல்லாவற்றையும் புதுப்பித்தோம். நான் எழுதிய கமென்ட்டுகளைப் படித்து எவனாவது தெளிவு பெற்றிருப்பானோ என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது.

தூத்துக்குடி இரவுக்கே வருகிறேன். மூன்று மணிக்கு இன்ஸ்டால் முன்னோட்டம். இந்த முறை முழுதாகப் படித்தேன். பாதிக்கு மேல் ‘டெலீட்’, ‘டெலீட்’ என்று ஓடியது. இது இந்தக் கருவியின் இன்னொரு குணம்: பாலிசியில் பயன்படும் உருப்படிகளை மட்டும் இறக்குமதி செய்தால், பயன்படாத மிச்சத்தை முதல் இன்ஸ்டாலிலேயே பெட்டியிலிருந்து துடைத்துவிடும். எந்தப் பாலிசியிலும் இல்லாதது போனால் யாருக்கும் நஷ்டமில்லைதான். இருந்தாலும் அந்தப் பெயர்களை ஒருமுறை மெல்லப் படித்துவிட்டுத்தான் அனுப்பினேன். பழைய பிரின்டர். பழைய மேனேஜரின் லேப்டாப். ‘ஷிப்பிங்-ஏஜென்ட்-புது’. புது என்று பெயர் வைத்தது எந்த வருஷமோ.

பாலிசிகளில் ஒன்று மட்டும் யாருக்கும் புரியவில்லை. 31-ஆம் விதி. உள்ளேயிருந்து வெளியே, ஒரே ஒரு விலாசத்துக்கு, யாரும் கேள்விப்படாத ஒரு போர்ட்டில் வழி. கமென்ட்டில் ‘டெம்ப் – கேட்டு எடுக்கவும்’ என்றிருந்தது, பக்கத்தில் 2017. யாரைக் கேட்டு என்று இல்லை. அண்ணாச்சிக்குத் தெரியவில்லை, தலைமை அலுவலகத்தில் தெரியவில்லை, 2017-ல் பார்த்துக்கொண்டவர் இப்போது வேறு நாட்டில். எடுத்துவிடலாம் என்றார்கள். லாக் போட்டு வைத்து ஹிட் கவுண்டைப் பார்த்துக்கொண்டிருப்போம் என்றேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தேன், பூஜ்யம். மூன்று மாதம் கழித்தும் பூஜ்யம். ஏப்ரல் முதல் வாரத்தில் எடுத்துவிடுவது என்று முடிவாகி, கடைசியாக ஒருமுறை திறந்தேன். எண்ணிக்கை 3. கடைசிப் பயன்பாடு மார்ச் 31, இரவு 11.52.

அண்ணாச்சியை அழைத்தேன். அன்றிரவு தானே இருந்ததாகவும், வருஷக் கடைசி என்று சரக்கு எண்ணிக்கொண்டிருந்ததாகவும், கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை என்றும் சொன்னார். லாகில் இருந்த உள் விலாசத்தைப் படித்துக் காட்டினேன். அப்படி ஒரு மிசின் குடோனில் எங்கே இருக்கிறது என்று காலையில் தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். விதியை எடுக்கவில்லை. கமென்ட்டில் 2017-க்குப் பக்கத்தில் அந்தத் தேதியையும் நேரத்தையும் மட்டும் சேர்த்து வைத்தேன்.